டியர்பார்ன் மேயர் ஹப்பார்ட் சிலை: எடுத்தது சரியா?

8 ஜூன் 2020 | கேள்வி: பனிக்காட்டான்

மிச்சிகன் மாநிலம் டியர்பார்ன் அருங்காட்சியக வாசலில் இருந்த ஆர்வில் ஹப்பார்ட் சிலையைப் போன வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டார்கள். 1942 முதல் 1978 வரை, 36 வருஷம் மேயராக இருந்தவர். பனி விழுந்தால் உடனே அள்ள வண்டி வரும், குப்பை ஒரு நாள் தங்காது என்று ஊரே சொல்லும். கறுப்பர்களைப் பற்றி அவர் பேசியது தப்புதான், ஆனால் அது பழைய காலத்து ஆள், பழைய காலத்துப் பேச்சு. அதற்காக நல்ல நிர்வாகி ஒருவரின் சிலையை எடுக்கலாமா? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

8 ஜூன் 2020, இரவு | ரூஜ்கரையான்

நான் அங்கே வேலை பார்த்தவன், குடியிருந்தவன். மறைமலைநகர் ஃபோர்டிலிருந்து டியர்பார்னுக்குப் போனேன். மிச்சிகன் அவென்யூவுக்கு அடுத்த தெருவில் வாடகை வீடு. பழைய நகரமன்றத்துக்கு முன்னால் அந்த வெண்கலச் சிலை நின்ற காலம். காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அவரைத் தாண்டித்தான் போவேன்.

முதலில் ஒரு திருத்தம். இது ஒரே வெள்ளிக்கிழமையில் நடந்த காரியம் இல்லை. நகரமன்றம் வேறு கட்டடத்துக்கு மாறி, பழைய கட்டடம் கலைஞர்கள் குடியிருப்பாக ஆனபோது, 2015ல் சிலையைப் பெயர்த்தார்கள். 2017ல் அருங்காட்சியக வாசலில் வைத்தார்கள். இப்போது அங்கிருந்தும் எடுத்து, யூனியன் சிட்டியில் அவர் கல்லறைக்கு அனுப்புகிறார்கள். ஐந்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளிய சிலை.

எடுத்தது சரி என்பதே என் கருத்து. "நல்ல நிர்வாகி, கருத்துதான் கோளாறு" என்று நீங்கள் இரண்டாகப் பிரிக்கிறீர்கள் பாருங்கள், அந்தப் பிரிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நிர்வாகமும் அந்தக் கருத்தும் ஒரே காரியம். நாளை விரிவாக எழுதுகிறேன், காலையில் ஷிஃப்ட்.

9 ஜூன் 2020 | ரூஜ்கரையான்

"பழைய காலத்து ஆள்" என்பதை மட்டும் இப்போது.

அவர் வெறுமனே ஒரு கருத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தவர் இல்லை. 1948ல் ஜான் ஹான்காக் காப்பீட்டு நிறுவனம் ஃபோர்டுக்குச் சொந்தமான நிலத்தில் பெரிய வாடகைக் குடியிருப்பு கட்ட வந்தது. வாடகை வீடு வந்தால் கறுப்பர்கள் குடிவருவார்கள் என்று பயம் கிளப்பி, ஊர் வாக்கெடுப்பில் அதைத் தோற்கடிக்க வைத்தார். 1956ல் அலபாமாவின் மாண்ட்கமரி நகரப் பத்திரிகை ஒன்று வடமாநிலங்களின் நிறப்பிரிவினையைப் பற்றித் தொடர் எழுதியது. அவர்களிடம், தான் முழுமையான பிரிவினையின் பக்கம், பத்து லட்சம் சதவீதம் என்று சொன்னார். தெற்கத்திப் பத்திரிகைக்காரர்கள், "எங்களை மட்டும் குறை சொல்கிறீர்களே, உங்கள் வடக்கைப் பாருங்கள்" என்று காட்டத் தேடி வந்தது இவரிடம்தான்.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள் என்றால் அவர்கள் ஏன் அவ்வளவு தூரம் தாண்டி இந்த ஒருவரிடம் வரவேண்டும்?

இன்னொன்று. சிலை பழைய காலத்துச் சிலையும் இல்லை. அவர் இறந்தது 1982. சிலை வைத்தது 1989.

11 ஜூன் 2020 | ரூஜ்கரையான்

பனி வண்டி விஷயத்துக்கு வருகிறேன். இதை நிதானமாக எழுத ஆசை, ஏனென்றால் அந்தப் பனி வண்டியை நானும் அனுபவித்தவன்.

மெட்ராஸிலிருந்து போனவனுக்கு மிச்சிகன் குளிர் என்னவென்று சொல்லவேண்டியதில்லை. ராத்திரி முழுக்கக் கொட்டியிருக்கும். காலையில் திரையை விலக்கினால் எங்கள் தெரு கறுப்பாகத் தார் தெரியக் கிடக்கும். டெட்ராய்ட் எல்லைக்குள் குடியிருந்த சக ஊழியர் மதியம்தான் வந்து சேர்வார், அவர் தெருவுக்கு வண்டியே வரவில்லை என்பார். எதிர்வீட்டில் போலந்து வம்சாவளிப் பெரியவர் ஒருவர் இருந்தார். பனி வண்டி போகும் சத்தம் கேட்டாலே, "இது ஆர்வில் போட்டுக்கொடுத்த பழக்கம்" என்பார். அவர் குரலில் நன்றி இருந்தது. பொய்யான நன்றி இல்லை. மில்ஃபோர்டு பக்கம் 600 ஏக்கருக்கு மேல் பரந்த கேம்ப் டியர்பார்ன் என்ற ஏரியும் காடும் நகராட்சிக்குச் சொந்தம். கோடையில் பிள்ளைகளோடு அங்கே போய்க் கூடாரம் போட்ட கதையெல்லாம் சொல்வார். புளோரிடாவில் கிளியர்வாட்டரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தையே நகராட்சி வாங்கியது, ஓய்வுபெற்ற டியர்பார்ன்வாசிகள் குளிர்காலத்தில் போய்த் தங்க. மிச்சிகன் நகராட்சி ஒன்று புளோரிடாவில் கட்டடம் வாங்குவதை நினைத்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? ஊர் வரியில் பெரும்பங்கு ஃபோர்டு கட்டியது. ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலை ஊர் எல்லைக்குள் இருக்கிறது. உச்சகாலத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வேலை பார்த்த இடம். இரும்புத் தாதிலிருந்து கார் வரை ஒரே வளாகத்தில் செய்தார்கள். அதன் வார்ப்படச் சாலையில், கொதிக்கும் இரும்புக்குப் பக்கத்தில், நின்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். டெட்ராய்ட் வட்டாரத்தில் கறுப்பர்களுக்கு மிக அதிகமாக வேலை கொடுத்தது ஃபோர்டுதான். அந்த ஆயிரக்கணக்கான பேர் ஷிஃப்ட் முடிந்ததும் பக்கத்து ஊர்களான இன்க்ஸ்டருக்கோ டெட்ராய்ட்டுக்கோ திரும்பிப் போகவேண்டும். டியர்பார்னில் அவர்களுக்கு வீடு கிடையாது.

எங்கள் பிரிவில் ஓய்வுபெறும் வயதில் ஒரு கறுப்புப் பெரியவர் இருந்தார், இன்க்ஸ்டர்க்காரர். தகப்பனாரும் ரூஜில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் அப்பாவோடு காரில் வரும்போது டியர்பார்ன் எல்லை வந்ததும் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார், இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல், கண் வேகமானி மேல் என்று சொன்னார். போலீஸ் நிறுத்தக்கூடாது என்பதற்காக. "அந்த ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேம்ப் டியர்பார்னைப் பற்றி நான் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அதற்குமேல் எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

இதைத்தான் ஒரே காரியம் என்றேன். தொழிற்சாலையில் எல்லோரும் உழைத்த பணம். ஊர்க் கதவை மூடிவைத்து, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் பனி வண்டியாக, ஏரியாக, புளோரிடா அறையாகப் பிரித்துக் கொடுத்தார். உள்ளே இருப்பவர்கள் நன்றியோடு திரும்பத் திரும்ப ஓட்டுப் போட்டார்கள். தொடர்ந்து 15 முறை. கதவு திறந்திருந்தால் பங்கு அத்தனை பெரியதாக இருந்திருக்காது என்பது இரு தரப்புக்கும் தெரியும். நல்ல நிர்வாகம் என்று நாம் சொல்வது அந்தக் கதவைச் சாத்தி வைத்ததன் கூலி.

எதிர்வீட்டுப் பெரியவர் நல்ல மனிதர். என் மனைவிக்கு உடம்பு சரியில்லாதபோது சூப் கொண்டுவந்தார். அவருடைய நன்றியும் உண்மை, இன்க்ஸ்டர்க்காரர் அப்பாவின் பயமும் உண்மை. இரண்டுக்கும் காரணம் ஒரே மேயர்.

12 ஜூன் 2020 | ரூஜ்கரையான்

"அப்போ ஃபோர்டுக்குப் பங்கில்லையா?" என்று தனிமடலில் ஒருவர். உண்டு. நகர நூலகத்துக்கு முன்னால் ஹென்றி ஃபோர்டுக்கே சிலை இருக்கிறது. 1920களில் அவர் நடத்திய டியர்பார்ன் இன்டிபென்டன்ட் வார இதழ் யூதர்களைப் பற்றி என்ன எழுதியது என்று தேடிப் படியுங்கள். நூறு வருஷம் கழித்து, 2019ல், நகர வரலாற்று இதழ் அதைப் பற்றிக் கட்டுரை போட்டபோது அப்போதைய மேயர் இதழை விநியோகிக்கவிடாமல் நிறுத்தி, ஆசிரியரையும் நீக்கினார். அது தனி இழைக்கு உரிய விஷயம். இங்கே ஹப்பார்டோடு நிற்போம்.

14 ஜூன் 2020 | ரூஜ்கரையான்

கிளைக்கதை ஒன்று, அவர் கனடாவில் இருந்துகொண்டு ஊரை ஆண்டாராமே என்று ஒருவர் கேட்டதால்.

ஆம், அவர் கனடாவிலிருந்து ஊரை ஆண்டது நிஜம். 1950ல் அவதூறு வழக்கொன்றில் தோற்றார். நஷ்டஈடு கட்டாமல் டெட்ராய்ட் ஆற்றைத் தாண்டி விண்ட்சருக்குப் போய் அங்கிருந்தபடியே நகர வேலைகளைப் பார்த்தார். ஊரில் பதவியைப் பறிக்கத் தேர்தல் கொண்டுவந்தார்கள், அதிலும் தப்பினார். கொழுத்த உடம்பு, கழுத்தில் வில் டை, மேடை ஏறினால் சிரிப்பு. பத்திரிகைக்காரர்களுக்குத் தீனி. இந்தச் சுவாரசியம்தான் அவரைப் பாதி காப்பாற்றியது என்று எனக்குப் படுகிறது. வேடிக்கை மனிதர் என்று சிரித்துவிட்டால் அவர் செய்ததைக் கணக்குப் பார்க்கத் தோன்றாது. எதிர்வீட்டுப் பெரியவரும் விண்ட்சர் கதையைச் சொல்லித்தான் எப்போதும் முடிப்பார்.

20 ஜூன் 2020 | ரூஜ்கரையான்

"அவர் மேல் போட்ட வழக்கில் விடுதலையானார், அப்புறம் என்ன?" என்கிறார் வேறொரு நண்பர்.

விடுதலையானது உண்மை. எந்த வழக்கு என்பதையும் சொல்லவேண்டும். 1963 தொழிலாளர் தினத்தன்று கெண்டல் தெருவில் ஒரு வீட்டைக் கறுப்பர் வாங்கிவிட்டார் என்று வதந்தி. வாங்கியவர் வெள்ளைக்காரர். சாமான் இறக்க வந்தவர்களில் கறுப்பர்கள் இருந்ததைப் பார்த்து யாரோ கிளப்பிவிட்டது. கூட்டம் கூடிக் கல்லெறிந்து வீட்டை நாசம் செய்தது. போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. போலீஸ் மேயரின் போலீஸ். கூட்டரசு (அமெரிக்க மத்திய அரசு) வழக்கு போட்டது, 1965ல் நடுவர் குழு விடுவித்தது.

நீதிமன்றம் குற்றவாளி இல்லை என்றது, சரி. ஆனால் சிலை வைக்க, குற்றவாளி இல்லை என்பது ஒரு தகுதியா? போலீஸ் வேடிக்கை பார்க்க ஒரு வீடு நொறுங்கிய ஊரில், அந்தப் போலீஸுக்குத் தலைவராக இருந்தவருக்கு வெண்கலம்.

3 ஜூலை 2020 | ரூஜ்கரையான்

அரபு மக்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று பனிக்காட்டான் தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி.

ஊரின் தெற்கு முனை, டிக்ஸ் சாலை, ரூஜ் புகைபோக்கிகளுக்குக் கீழே. லெபனான், ஏமன், பாலஸ்தீனத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள் குடியேறிய பகுதி. 1930களிலேயே அங்கே மசூதி வந்துவிட்டது. நான் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பக்கம் ரொட்டி வாங்கப் போவேன், ஏமன் கடையில் கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் நம் ஊர் வாசனையோடு கிடைக்கும். ஹப்பார்ட் நிர்வாகம் அந்தப் பகுதியைத் தொழிற்சாலை நிலமாக்கப் பார்த்தது. வீடுகளை ஒவ்வொன்றாக நகராட்சி வாங்கி இடித்தது. விற்க நினைத்தவருக்கு நகராட்சியைத் தவிர ஆள் இல்லாதபடி நெருக்கியது. மக்கள் வழக்குப் போட்டார்கள். 1973ல் கூட்டரசு நீதிமன்றம் நகராட்சிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதனால்தான் டிக்ஸ் சாலை இன்றும் இருக்கிறது, அந்தக் கடையும் இருந்தது.

ஹப்பார்ட் போன பிறகும் அந்தப் பழக்கம் நின்றுவிடவில்லை. 1985ல், நகரப் பூங்காக்களில் வெளியூர்க்காரர் நுழையக்கூடாது என்ற சட்டத்துக்கு டியர்பார்ன் வாக்காளர்கள் ஆதரவு தந்தார்கள். வெளியூர்க்காரர் என்றால் யார் என்று பக்கத்து டெட்ராய்ட்டுக்குப் புரிந்தது. கறுப்பர் உரிமைச் சங்கம் ஊரின் வணிக வளாகத்தைப் புறக்கணித்தது, நீதிமன்றம் சட்டத்தைத் தள்ளியது. அதே 1985ல் மேயர் பதவிக்கு நின்று வென்றவர் வீடு வீடாக அனுப்பிய பிரசுரத்தில், பூங்காக்களோடு சேர்த்து "அரபுப் பிரச்சினை" பற்றிப் பேசுவோம் என்று அச்சடித்திருந்தார். நாலு வருஷத்தில் சிலை வந்தது.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது நினைவுச்சின்னமாகத் தெரியவில்லை. ஊர் எல்லையில் நட்ட அறிவிப்புப் பலகையாகத் தெரிகிறது.

சிலையோடு இருந்த குறிப்பைப் பல முறை படித்திருக்கிறேன். குப்பை நேரத்துக்கு எடுத்ததும் பனி வேகமாக அள்ளியதும் புளோரிடாவும் அதில் உண்டு. நிறம் பற்றி ஒரு சொல் கிடையாது.

4 ஜூலை 2020 | ரூஜ்கரையான்

நேற்று விட்டது: 2005ல் அரபு அமெரிக்க தேசிய அருங்காட்சியகம் திறந்த இடம் எது தெரியுமா? மிச்சிகன் அவென்யூவில், பழைய நகரமன்றத்துக்கு நேர் எதிரே. பத்து வருஷம், நடுவில் ஒரு சாலை, அந்தப் பக்கம் ஹப்பார்ட், இந்தப் பக்கம் நீல ஓடு பதித்த கூரை வளைவு. பள்ளிப் பிள்ளைகள் பேருந்திலிருந்து இறங்கி உள்ளே போவதைச் சிலைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

அதைப் பார்த்த நாட்களில், சிலை அங்கேயே இருக்கட்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு. இடம் மாறி அருங்காட்சியக வாசலுக்குப் போனதும் அந்த எதிரும்புதிரும் போய்விட்டது. தனியாக நின்ற ஒரு குண்டு மனிதர், அவ்வளவுதான்.

7 நவம்பர் 2021 | ரூஜ்கரையான்

இழையை மேலே கொண்டுவருகிறேன். போன செவ்வாய் டியர்பார்ன் மேயர் தேர்தலில் அப்துல்லா ஹம்மூத் வென்றிருக்கிறார். வயது 31, லெபனானிலிருந்து வந்த பெற்றோருக்கு அந்த ஊரிலேயே பிறந்தவர். ஜனவரியில் பதவியேற்பு. 1942லிருந்து எண்ணினால் ஐந்தாவது மேயர்தான் இவர். அந்த ஊர் ஒருவரைப் பிடித்தால் விடாது.

டிக்ஸ் சாலைக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். பேசவே முடியவில்லை அவரால், பின்னால் கொட்டுச் சத்தம்.

23 ஜனவரி 2022 | ரூஜ்கரையான்

"இனி அந்தப் பழைய கதை எதற்கு, ஊர் மாறிவிட்டதே" என்று எழுதியிருக்கும் நண்பருக்கு.

எனக்கு இப்போது உறுத்துவது வேறொன்று. சிலையை எடுத்தது சரி என்று 2020ல் எழுதினேன், இன்றும் அதுவே. எடுத்த பிறகு அந்த இடத்தில் என்ன வைத்தோம்? ஒன்றுமில்லை. குடும்பத்திடம் கொடுத்து, காரில் இரண்டு மணிநேரத் தூரத்தில் ஒரு கிராமக் கல்லறையில் நிறுத்திவிட்டால், 15 முறை ஓட்டுப் போட்ட ஊருக்குத் தன் பங்கு நினைவிருக்காது. எல்லாம் ஒரு குண்டு மனிதர் செய்தது, அவரையும் அனுப்பிவிட்டோம் என்று ஆகிவிடும். 1948ல் வாடகை வீடு வேண்டாம் என்றது வாக்காளர்கள். 1985ல் பூங்காவைப் பூட்டச் சொன்னது வாக்காளர்கள். அப்போது ஹப்பார்ட் உயிரோடுகூட இல்லை.

நான் கேட்பது சிலை இல்லை. பழைய நகரமன்றச் சுவரில், சாலையில் நடப்பவர் நின்று படிக்கும் உயரத்தில், ஒரு பலகை. 1948, 1956, 1963, 1973, 1985. பனி வண்டியையும் எழுதுங்கள், கேம்ப் டியர்பார்னையும் எழுதுங்கள், பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். வாக்கெடுப்பு எப்படி முடிந்தது என்பதையும் போடுங்கள்.

16 ஏப்ரல் 2023 | ரூஜ்கரையான்

வேலை விஷயமாகத் திரும்ப டியர்பார்ன். பிள்ளைகளை ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்த அந்த மாண்ட்கமரிப் பேருந்து அங்கேதான் இருக்கிறது. 2001ல் ஏலத்தில் வாங்கிச் சீர்செய்து வைத்தார்கள். உள்ளே ஏறி உட்கார விடுகிறார்கள். என் சின்னவள் அவர் உட்கார்ந்த இருக்கை எது என்று கேட்டு அதில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் மேலே நான் 2020ல் எழுதிய குறிப்போடு இது சேர்ந்தது. 1955 டிசம்பரில் அவர் கைதாகிறார். 1956 முழுக்க மாண்ட்கமரியில் பேருந்துப் புறக்கணிப்பு. அதே 1956ல் அதே மாண்ட்கமரியின் பத்திரிகைக்குத்தான் டியர்பார்ன் மேயர் பத்து லட்சம் சதவீதம் என்றார். ரோசா பார்க்ஸ் 1957ல் டெட்ராய்ட்டுக்குக் குடிவந்தார், அங்கேயே 2005ல் இறந்தார். பக்கத்து ஊர் டியர்பார்ன் அவருக்கு வீடு தந்திருக்காது. இன்று அந்தப் பேருந்து டியர்பார்னின் பெருமை, நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கிறோம்.

பேருந்துப் பக்கத்தில் இருக்கும் விளக்கங்கள் அலபாமாவைப் பற்றி நன்றாகவே சொல்கின்றன. இந்த ஊர் அந்த வருஷம் எந்தப் பக்கம் நின்றது என்று பெரியவளுக்கு நான்தான் சொன்னேன். "அப்போ அந்த மேயரோட சிலை எங்கப்பா?" என்றாள். எடுத்துட்டாங்கம்மா என்றேன். "அவரப் பத்தி எங்கயாவது எழுதி வச்சிருக்காங்களா?" என்றாள்.

அந்தக் கேள்வியை அப்படியே நகராட்சிக்குக் கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பலகையில் என்ன வரவேண்டும் என்ற என் வரைவு ஆங்கிலத்தில் இருக்கிறது. டியர்பார்ன், கான்டன், நோவை பக்கம் இருக்கும் நம் ஆட்கள் யாராவது சேர்ந்து கையெழுத்துப் போட முடியுமென்றால் தனிமடலில் சொல்லுங்கள். பனிக்காட்டான் தம்பி, நீங்கள் இன்னும் அந்த ஊரில்தானே? உங்கள் பெயரை முதலில் எதிர்பார்க்கிறேன்.

19 ஏப்ரல் 2023 | ரூஜ்கரையான்

பனிக்காட்டான் சேர்ந்துவிட்டார். பூங்காச் சட்டத்தைப் பற்றிய வரியை இன்னும் கடுமையாக எழுதச் சொல்கிறார். மாற்றிவிட்டேன்.